மேற்குத் தொடர்ச்சி மலையில் மூன்று வாரம்: சென்னையிலிருந்து கிளம்புமுன் எதை எந்த வரிசையில் முடிவு செய்வது

மூன்று வாரம் விடுப்பு கிடைத்ததும் எல்லோரும் முதலில் ஊர்ப் பெயர்களை எழுதுகிறார்கள். மயிலாப்பூரில் இருக்கும் நண்பர் ஒருவர் 20 நாளுக்கு 13 ஊர் எழுதிக்கொண்டு வந்தார். உட்கார்ந்து கூட்டிப் பார்த்தோம், பேருந்தில் மட்டும் ஒன்பது நாள் போகிறது. மீதி நாளில் பாதி, காடு மூடியிருக்கும் நாள். அவர் தப்பு ஒன்றும் செய்யவில்லை, வரிசைதான் தலைகீழாக இருந்தது.

இந்த வழிகாட்டி ரயிலிலும் அரசுப் பேருந்திலும் போய், காட்டையும் அதில் இருக்கும் உயிர்களையும் நிதானமாகப் பார்க்க நினைப்பவர்களுக்கு. ஊட்டியில் படகு விட்டு, சாக்லேட் வாங்கிக்கொண்டு திரும்புவதற்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. ஒவ்வொரு படியும் அடுத்த படியைத் தீர்மானிப்பதால் வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. முதலில் மாதம்

மலைக்கு இரண்டு மழை. ஜூன் தொடங்கிச் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. நமக்குச் சென்னையில் இரண்டாவதுதான் மழைக்காலம் என்பதால் ஜூலையில் கிளம்பலாம் என்று தோன்றிவிடுகிறது. ஜூலையில் வால்பாறையில் குடையை மடக்க முடியாது. தவளைகளையும் அருவிகளையும் பார்க்கவே போகிறீர்கள் என்றால் அது அருமையான காலம், மற்றவர்களுக்கு அறையில் உட்கார்ந்து சன்னலைப் பார்க்கும் காலம்.

நவம்பரில் வேறு சிக்கல். நீலகிரி மலைப் பக்கம் மண்சரிவு வந்தால் மேட்டுப்பாளையம் மலை ரயிலை நிறுத்திவிடுவார்கள். சென்னையில் புயல் என்றால் நாம் கிளம்புவதே சந்தேகம். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை ஐயப்ப பக்தர்கள் கூட்டம், கேரளா போகும் ரயில்கள் நிரம்பியிருக்கும்.

மார்ச், ஏப்ரல் காட்டுத்தீக் காலம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், சென்னையிலிருந்து போனவர்கள் பலர் அதில் இருந்தார்கள். அதற்குப் பிறகு இந்தக் காலத்தில் மலையேற்றத்தை மூடுவதில் வனத்துறை கறாராக இருக்கிறது, இருக்கவும் வேண்டும். ஏப்ரல் கடைசியில் பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் மலை ஊர்கள் தி.நகர் மாதிரி ஆகிவிடும்.

ஆக, முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்லும் காலம் பொங்கல் முடிந்தபின் ஜனவரி 18 வாக்கிலிருந்து பிப்ரவரி முதல் வாரம் வரை. மழை ஓய்ந்திருக்கும், காடு இன்னும் காய்ந்திருக்காது, குளிர்காலத்தில் வலசை வரும் பறவைகள் இருக்கும், இருவாச்சிகள் கூடு தேடத் தொடங்கியிருக்கும். அதோடு பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்கள் சென்னைக்குத் திரும்பும் நாளில் நாம் எதிர்த்திசையில் போவதால் ரயிலில் இடம் கிடைப்பது கொஞ்சம் சுலபம்.

2. ஊரை எண்ணாதீர்கள், காட்டை எண்ணுங்கள்

இந்த மலைத்தொடர் தபதி ஆற்றங்கரையிலிருந்து கன்னியாகுமரி வரை சுமார் 1,600 கிலோமீட்டர். மூன்று வாரத்தில் முழுவதையும் தொட நினைப்பது வீண். பாலக்காட்டுக் கணவாய்க்கு இரண்டு பக்கமும் இருக்கும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டாலே, நெருங்கிய தூரத்துக்குள் ஐந்தாறு வகைக் காடு கிடைத்துவிடுகிறது.

காட்டு வகையை வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே வகைக் காட்டில் ஐந்து ஊர் போனால் ஐந்து இடத்திலும் ஏறக்குறைய அதே பறவை, அதே மரம். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி மூன்றையும் பட்டியலில் வைத்திருப்பவர்கள் ஒரே இடத்துக்கு மூன்று முறை வாடகை கொடுக்கிறார்கள். வகை மாறினால் நான்கு மணி நேரப் பயணத்தில் வேறு உலகம்.

என் தேர்வு இது. தாழ்வான ஈரக்காட்டுக்குக் கேரளாவில் கோதமங்கலம் பக்கம் இருக்கும் தட்டேக்காடு. மலை உயரத்தில் இருக்கும் சோலைக்காடும் புல்வெளியும் பார்க்க மூணாறு, அதன் பக்கத்து இரவிகுளம் தேசியப் பூங்கா. மலை மழையைத் தடுத்துவிடுவதால் வறண்டிருக்கும் மழை மறைவுக் காட்டுக்குச் சின்னாறு. தேக்கும் இலையுதிர் காடும் கலந்த இடத்துக்குப் பரம்பிக்குளம் அல்லது டாப்சிலிப். மழைக்காட்டுக்கு வால்பாறை. முள்காட்டுக்கும் யானைக்கும் மசினகுடி, முதுமலை. ஆறுதான். தேக்கடி, முண்டந்துறை, அமைதிப் பள்ளத்தாக்கு எல்லாம் எனக்கும் பிடித்த இடங்கள்தான், இந்தப் பயணத்தில் அவை வேண்டாம். ஒன்றைச் சேர்த்தால் வேறு ஏதோ ஒன்றில் தங்கும் நாள் குறையும்.

ஒவ்வொரு இடத்திலும் குறைந்தது இரண்டு முழு விடியற்காலை கிடைக்க வேண்டும். காட்டில் காலை ஆறு முதல் ஒன்பது வரைதான் நடமாட்டம் அதிகம், மதியம் போய்ச் சேர்ந்து மறுநாள் காலை கிளம்புகிறவருக்கு அது கிடைக்கவே கிடைக்காது. எந்த மாதத்தில் எந்த இடத்தில் என்ன பறவை பதிவாகியிருக்கிறது என்பதை ஈபேர்ட் தளத்தில் பார்க்கலாம், ஆசைப்பட்டியல் எழுதுவதற்கு முன்னால் அதைத் திறந்து பாருங்கள்.

3. மூடும் தேதியை வைத்துத் திசையைத் தீர்மானியுங்கள்

இந்தப் படியைத்தான் கிட்டத்தட்ட எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். சென்னையிலிருந்து நீலகிரி பக்கம் என்பதால் அங்கே தொடங்கித் தெற்கே இறங்குவதுதான் கைக்கு வருகிறது. அப்படிப் போனால் மூணாறு சேரும்போது பிப்ரவரி ஆகியிருக்கும். இரவிகுளத்தை வரையாடு குட்டி போடும் காலத்துக்காக வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மூடிவிடுவார்கள். அங்கே போய்ப் பூட்டிய வாயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன், என் முதல் பயணத்தில். இணையத்தில் இரண்டு நிமிடம் தேடியிருந்தால் தெரிந்திருக்கும்.

அதனால் தலைகீழாகப் போங்கள். தெற்கே தட்டேக்காட்டில் தொடங்கி வடக்கே முதுமலையில் முடியுங்கள். முதுமலைக்கும் இது நல்லது, பிப்ரவரி நெருங்க நெருங்கக் காடு காயும், விலங்குகள் தண்ணீர் இருக்கும் இடத்துக்கு வரும், புதர் மெலிந்து பார்வை எட்டும். தீக்காலக் கட்டுப்பாடுகள் இறுகும் பிப்ரவரி நடுவுக்குள் நீங்கள் வீடு திரும்பியிருப்பீர்கள்.

ஜனவரி 18 இரவு கிளம்புவதாக வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 19, 20, 21 இரவுகள் தட்டேக்காடு. 22, 23, 24 மூணாறு. 25, 26 மறையூர், அங்கிருந்துதான் சின்னாறு போக வேண்டும். 27 பொள்ளாச்சி. 28, 29 பரம்பிக்குளம் அல்லது டாப்சிலிப். 30 முதல் பிப்ரவரி 2 வரை நான்கு இரவு வால்பாறை. 3 கோயம்புத்தூர். 4, 5, 6 மசினகுடி. 7 இரவு மேட்டுப்பாளையத்தில் ரயில், 8 காலை சென்னை.

இதில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். குடியரசு தினத்தன்று மூணாறில் நிற்க இடம் இருக்காது, அன்று நாம் மறையூரில் இருக்கிறோம். பொள்ளாச்சி, கோயம்புத்தூர் இரண்டும் வெறும் ஓய்வு நாள், துணி துவைக்க, மருந்து வாங்க, ஏதாவது தள்ளிப்போனால் தாங்கிக்கொள்ள. இந்த இரண்டு நாளையும் வெட்டிவிட்டு இன்னொரு இடம் சேர்க்கலாமே என்று கேட்பார்கள். வேண்டாம். பத்தாவது நாள் உடம்பு கெஞ்சும்.

வருடத்துக்கு வருடம் தேதி மாறும் என்பதால் தைப்பூசம் எப்போது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய நாட்களில் உடுமலை, பொள்ளாச்சி சாலைகளில் பழனிக்கு நடந்து போகிறவர்கள் நிறைய, பேருந்துகளும் நெரிசல்.

4. வனத்துறை அனுமதி, அப்புறம் ரயில், கடைசியில் அறை

பலரும் விடுதி அறையை முதலில் போட்டுவிடுகிறார்கள், தள்ளுபடி முடியப்போகிறது என்று எழுதியிருப்பதைப் பார்த்து. தனியார் அறை எப்போதும் எங்காவது கிடைக்கும். வனத்துறையின் இடங்கள் குறைவு, அதற்கு மாற்றே கிடையாது. ஆகவே எது கிடைக்காதோ அதை முதலில் பிடியுங்கள்.

பரம்பிக்குளத்தில் கூடாரம், மரவீடு, ஏரிக்கரைத் தங்கும் இடம் எல்லாம் கேரள வனத்துறையுடையவை. டாப்சிலிப்பிலும் முதுமலையிலும் தமிழ்நாடு வனத்துறையின் ஓய்வு விடுதிகள் இருக்கின்றன. எல்லாமே இணையத்தில் பதிவு செய்ய வேண்டியவை. இந்த மூன்றில் பரம்பிக்குளத்துக்குத்தான் போட்டி அதிகம், அதனால் அதன் தேதி கிடைத்த பிறகு மற்ற தேதிகளை ஒன்றிரண்டு நாள் முன்பின் நகர்த்துங்கள். நான் மேலே கொடுத்த கணக்கில் நங்கூரம் அதுதான்.

பரம்பிக்குளம் கேரளாவில் இருந்தாலும் வண்டிப்பாதை தமிழ்நாட்டு வழியாக, பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் கடந்துதான் போகிறது. பாலக்காட்டிலிருந்து கிட்டத்தில்தானே என்று வரைபடத்தைப் பார்த்து அங்கே அறை போட்டவர்களை எனக்குத் தெரியும், அவர்கள் திரும்பவும் பொள்ளாச்சிக்கு வந்துதான் ஏற வேண்டியிருந்தது.

மலையேற்றம் வேண்டுமென்றால் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்தில் 40 தடங்கள் இருக்கின்றன. வழிகாட்டி இல்லாமல் போக முடியாது, அந்த வழிகாட்டிகள் பெரும்பாலும் அந்தந்த மலையிலேயே வாழ்பவர்கள். முதல்முறை என்றால் சுலபமான தடம் ஒன்று போதும். கடினமான தடத்தில் கண் முழுக்கக் காலடியில்தான் இருக்கும், மரத்தில் என்ன உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க மாட்டீர்கள்.

வனத்துறை உறுதியானதும் ரயில். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, 2024 நவம்பர் 1 முதல் இந்த விதி. ஜனவரி 18 பயணத்துக்கு நவம்பர் 19 காலை எட்டு மணிக்கு உட்காருங்கள், பிப்ரவரி 7 திரும்பும் ரயிலுக்கு டிசம்பர் 9. போகும்போது சென்ட்ரலில் இரவு ஏறும் ஆலப்புழா எக்ஸ்பிரஸ், காலையில் ஆலுவாவில் இறங்கலாம். வரும்போது மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ்.

இரவிகுளத்துக்கான நுழைவுச்சீட்டையும் இணையத்திலேயே வாங்கிவிடுங்கள், முதல் வண்டிக்கு. வெயில் ஏறுவதற்குள் வரையாடுகளைப் பார்ப்பதும் பின்னால் நான்கு பேருந்துக் கூட்டத்தோடு பார்ப்பதும் ஒன்றா?

சொந்தக் காரிலோ வாடகைக் காரிலோ போகிறவர்களுக்கு ஒன்று. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை.

5. அறை எடுக்கும்போது கேட்க வேண்டிய மூன்று கேள்வி

பேருந்து நிறுத்தத்திலிருந்து எவ்வளவு தூரம், நடந்து வரலாமா? இதை ஏன் கேட்க வேண்டும் என்றால், மசினகுடியிலும் வால்பாறையிலும் சாயங்காலத்துக்குப் பிறகு சாலையில் நடக்கவே கூடாது. இரண்டு கிலோமீட்டர்தான் சார் என்று சாதாரணமாகச் சொல்வார்கள், அந்த இரண்டு கிலோமீட்டரில் யானை இருக்கும்.

காலை ஐந்தரைக்குத் தேநீர் கிடைக்குமா? கிடைக்காது என்றால் ரொட்டி, வாழைப்பழம் வாங்கி வைத்துக்கொள்ளலாம். பல விடுதிகளில் எட்டரைக்குத்தான் சிற்றுண்டி, அதற்காகக் காத்திருந்தால் அந்த நாளின் நல்ல நேரம் போய்விட்டது.

மூன்றாவது, இரவில் ஜீப்பில் விலங்கு காட்ட அழைத்துப் போவீர்களா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் அந்த இடம் வேண்டாம். காட்டுக்குள் தனியார் இரவுச் சவாரி சட்டவிரோதம். வெளிச்சம் அடித்து விலங்கை விரட்டிக் காட்டுகிறவர்கள் மற்ற விஷயங்களிலும் எப்படி இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

தட்டேக்காட்டில் மட்டும் அறையைவிட வழிகாட்டியைத் தேடுங்கள். அங்கே பறவை காட்டும் உள்ளூர் வழிகாட்டிகள் தலைமுறையாகக் காட்டை அறிந்தவர்கள், பலர் தங்கள் வீட்டிலேயே தங்க வைக்கிறார்கள். இலையோடு இலையாக உட்கார்ந்திருக்கும் தவளைவாயன் பறவையை நாமாகக் கண்டுபிடிக்கவே முடியாது. பகலில் அது எந்தக் கிளையில் தூங்குகிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

6. மலைப்பாதையில் பேருந்து

கூகுள் காட்டும் நேரத்தை நம்பாதீர்கள், ஒன்றரை மடங்கு போடுங்கள். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 65 கிலோமீட்டர்தான், 40 கொண்டை ஊசி வளைவு, மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளுக்கு ஒரு மலைப்பயணம் போதும், அதையும் காலையில் முடித்துவிடுங்கள். மதியத்துக்கு மேல் பனிமூட்டம் இறங்கும், கடைசிப் பேருந்து வராமல் போனால் மாற்று இருக்காது.

வாந்தி வருகிறவர்கள் முன்பக்க இருக்கையில் உட்காருங்கள், கைபேசியைப் பார்க்காதீர்கள், ஏறுவதற்கு முன் இரண்டு இட்லிக்கு மேல் வேண்டாம். பின்பக்கம் உட்கார்ந்தால் ஒவ்வொரு வளைவிலும் வண்டி உங்களைத்தான் அதிகமாக வீசும்.

ஆலுவாவிலிருந்து கோதமங்கலம் பேருந்து, அங்கிருந்து தட்டேக்காடு பக்கம்தான், ஆட்டோவே போதும். திரும்பக் கோதமங்கலம் வந்து மூணாறு. மூணாறிலிருந்து மறையூர், சின்னாறு வழியாக உடுமலைக்கு அரசுப் பேருந்து ஓடுகிறது. இந்தப் பாதையில் பகலில் போங்கள், சன்னல் ஓரம் பிடியுங்கள். தேயிலையும் சோலையும் இருந்த மலை கீழே இறங்க இறங்கக் கள்ளியும் முள்மரமுமாக மாறுவதை ஒரே பயணத்தில் பார்க்கலாம். மழை மறைவுப் பகுதி என்றால் என்ன என்று பாடப்புத்தகத்தில் படித்தது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

டாப்சிலிப் பக்கம் பேருந்து குறைவு. பொள்ளாச்சியில் தங்கும் அன்றே நேரம் விசாரித்து, பொருந்தவில்லை என்றால் டாக்சி பேசிவிடுங்கள், இந்தப் பயணத்தில் டாக்சிக்குச் செலவழிக்க வேண்டிய இடம் இது ஒன்றுதான். கோயம்புத்தூரிலிருந்து ஊட்டி, அங்கிருந்து மசினகுடிக்கு இரண்டு வழி. கல்லட்டி வழி குறுக்குவழி, 36 கொண்டை ஊசி வளைவு. கூடலூர் வழி தூரம் அதிகம், ஆனால் பேருந்தும் அதிகம். முதுமலையிலிருந்து பந்திப்பூர் போகும் சாலை இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை மூடியிருக்கும், மைசூர் பக்கத்திலிருந்து யாராவது உங்களோடு சேர வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

7. பை: முதுகில் ஒன்று, அவ்வளவுதான்

சக்கரம் வைத்த பெட்டியை வீட்டில் வையுங்கள். அரசுப் பேருந்தில் வைக்க இடமில்லை, தோட்டப் பாதையில் உருட்டவும் முடியாது. ஒன்பது, பத்து கிலோவுக்குள் ஒரு முதுகுப்பை. அந்தப் பையோடு உங்கள் வீட்டு மாடிப்படியை மூன்று முறை ஏறி இறங்கிப் பாருங்கள், எதை எடுத்து வெளியே வைப்பது என்று தானாகவே தெரியும்.

சென்னைக்காரர்கள் குளிரைக் குறைத்து மதிப்பிடுவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஜனவரியில் மூணாறில் சில விடியலில் புல்லில் உறைபனி படியும். தடித்த ஸ்வெட்டர் ஒன்றைவிட மெல்லிய இரண்டு, மேலே காற்றுப் புகாத ஒரு சட்டை என்று அடுக்கிப் போடுவது நல்லது, தட்டேக்காட்டுப் புழுக்கத்தில் ஒவ்வொன்றாகக் கழற்றிவிடலாம். நிறம் மண், இலை, சாம்பல். வெள்ளையும் பளீர் சிவப்பும் வேண்டாம்.

இருகண் நோக்கி இல்லாமல் போகாதீர்கள். கேமராவை விட முக்கியம் என்றே சொல்வேன். 8 x 42 அளவு எடுங்கள், அதாவது 8 மடங்கு பெரிதாகக் காட்டும், முன் கண்ணாடி 42 மி.மீ. அகலம், 10 மடங்கு என்றால் பெரிதாகத் தெரியுமே என்று வாங்குகிறவர்களுக்குக் கை நடுக்கத்தில் ஒன்றுமே நிற்பதில்லை. இருண்ட காட்டுக்குள் வெளிச்சமும் 42-இல் நன்றாக வரும்.

அட்டைக்கு முழங்கால் வரை வரும் துணி உறை வேண்டும். கடையில் கிடைக்கும், இல்லையென்றால் நெருக்கமாக நெய்த காடாத் துணியில் தையல்காரரிடம் தைத்துக்கொள்ளலாம். ஜனவரியில் அட்டை குறைவுதான், ஆனால் ஈரமான சோலைக்குள் இருக்கும். ஏறிவிட்டால் பிடித்து இழுக்காதீர்கள், நகத்தால் வாய்ப்பக்கம் நெம்பி எடுங்கள், ரத்தம் கொஞ்ச நேரம் வடியும், பயப்பட ஒன்றுமில்லை. உண்ணிதான் உண்மையில் கவனிக்க வேண்டியது. காய்ந்த காட்டில் நடந்து வந்த ஒவ்வொரு நாளும் குளிக்கும்போது உடம்பு முழுக்கப் பாருங்கள். ஊர் திரும்பிய சில நாளில் காய்ச்சல் வந்தால் காட்டுக்குப் போய் வந்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எஃகுத் தண்ணீர் பாட்டில், தலையில் மாட்டும் விளக்கு, பைக்கு மழை உறை, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், வழக்கமாகச் சாப்பிடும் மருந்து மூன்று வாரத்துக்கும் முழுதாக, அடையாள அட்டையின் நகல். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, சோதனைச் சாவடியில் எடுத்துவிடுவார்கள். பரம்பிக்குளம், டாப்சிலிப் பக்கம் சிக்னலை எதிர்பார்க்காதீர்கள், பொள்ளாச்சியிலேயே ரொக்கம் எடுத்துக்கொண்டு வீட்டில் இரண்டு நாள் பேச முடியாது என்று சொல்லிவிடுங்கள். டிரோன் கொண்டு வராதீர்கள்.

8. ஒரு மாதம் சென்னையிலேயே பழகுங்கள்

இதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு, செய்தவர்கள் அடையும் பலன் மிக அதிகம். டிசம்பரில் நான்கு ஞாயிறு காலை பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் போங்கள். கூழைக்கடாக்களும் பூநாரைகளும் பெரிய உடம்போடு திறந்த வெளியில் நிற்கின்றன, இருகண் நோக்கியைக் கண்ணில் வைத்த உடனே பறவை வட்டத்துக்குள் வரும் பழக்கம் அங்கேதான் கைக்குப் படியும். காட்டில் பறவை மூன்று நொடிதான் நிற்கும், அங்கே குவியம் திருகக் கற்றுக்கொள்ள நேரம் இருக்காது.

அப்புறம் நன்மங்கலம் காட்டுப் பக்கமோ கிண்டியிலோ கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிடம் ஒலியை மட்டும் கேளுங்கள். மழைக்காட்டில் பாதி உயிர்களைக் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒலியைக் கேட்டுப் பறவையின் பெயரைச் சொல்லும் மெர்லின் செயலியைக் கைபேசியில் இறக்கி, இந்தியப் பறவைகளின் தொகுப்பையும் வீட்டு வைஃபையிலேயே ஏற்றிவிடுங்கள்.

புதுக் காலணி வாங்கினால் இந்த மாதமே போட்டு நடந்து பழகுங்கள். மூணாறில் முதல் நாளே குதிகால் உரிந்து, மீதி நாளெல்லாம் செருப்போடு நடந்த ஒரு தம்பியை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

9. காட்டில் ஒரு நாளை எப்படி வைப்பது

ஐந்தரைக்கு எழுந்து, வெளிச்சம் நன்றாக வந்ததும் வழிகாட்டியோடு வெளியே. பத்து மணிக்குத் திரும்பிச் சாப்பிட்டுவிட்டு மதியம் தூங்குங்கள், அன்றைக்குப் பார்த்ததை எழுதுங்கள். நான்கு மணிக்குத் திரும்பவும் போய், இருட்டுவதற்குள் அறை. மதியத்தை வீணாக்குகிறோமே என்று அந்த நேரத்தில் 'வியூ பாயின்ட்' போகிறவர்கள் சாயங்காலம் களைத்துவிடுகிறார்கள்.

வேகமாக நடப்பதால் ஒன்றும் கிடைப்பதில்லை. பழுத்த ஆலமரமோ அத்திமரமோ கண்டால் அதன் எதிரே ஒரு மணி நேரம் உட்காருங்கள். இருவாச்சி, பச்சைப்புறா, மலை அணில், குரங்கு எல்லாம் அங்கேதான் வரும். வால்பாறையில் ஒரு அத்திமரத்தடியில் நான் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். இருவாச்சி வரும்போது சிறகடிக்கும் சத்தம்தான் முதலில் கேட்கும், பழைய நீராவி ரயில் மூச்சு வாங்குவது மாதிரி. அதைக் கேட்ட அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வால்பாறையில் புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள் சாலையோரத்திலேயே தெரியும். ஏறும் வழியில் ஒன்பதாவது வளைவில் வரையாடுகள் அடிக்கடி நிற்கும். இரண்டு இடத்திலும் தின்பதற்கு எதுவும் கொடுக்காதீர்கள், ஒரு பிஸ்கட்கூட. உணவுக்காகச் சாலைக்கு வந்து பழகிய சிங்கவால் குரங்கு வண்டியில் அடிபட்டுச் சாகிறது. உலகத்தில் இந்த மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத விலங்கு அது.

முதுமலையில் வனத்துறை வண்டியில் ஒரு சுற்றுப் போய், புலி வரவில்லை என்று முகம் வாடித் திரும்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்று நாள் இருக்கிறீர்கள், காலை ஒன்று, மாலை ஒன்று என்று இரண்டு முறை போங்கள். செந்நாய்க் கூட்டம் ஒன்றைப் பார்த்தால் அது புலிக்குக் குறைந்தது கிடையாது.

10. யானை, சிறுத்தை

பொழுது சாய்ந்தபின் நடக்காதீர்கள், விடியுமுன்னும் நடக்காதீர்கள். வால்பாறையில் சில இடங்களில் கம்பத்தில் சிவப்பு விளக்கு வைத்திருக்கிறார்கள், அது எரிந்தால் பக்கத்தில் யானை இருக்கிறது என்று பொருள். வந்த வழியே திரும்பிவிட வேண்டும். தேயிலைச் செடி இடுப்பு உயரம்தான் என்றாலும் அதற்குள் சிறுத்தை இருப்பது தெரியாது, குழந்தைகளோடு போகிறவர்கள் கையை விடவே கூடாது.

யானை எதிர்ப்பட்டால் நின்று படம் எடுக்காமல், சத்தமில்லாமல் பின்வாங்குங்கள். குட்டி தனியாக நிற்கிறது என்று தோன்றினால் தாய் உங்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நிற்கிறது. வழிகாட்டி போகலாம் என்றால் போங்கள், வேண்டாம் என்றால் ஏன் என்று அங்கே நின்று வாதாடாதீர்கள். அறைக்கு வந்து கேளுங்கள், அப்போது அவர் சொல்வதுதான் அந்தப் பயணத்தில் நீங்கள் கற்றுக்கொள்ளும் நல்ல பாடமாக இருக்கும். காடர், மலசர், முதுவர் பழங்குடிச் சமூகத்து வழிகாட்டிகள் ஒரு காலடித் தடத்தை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசுவார்கள். அவர்களுக்குக் கூலியைத் தவிர நீங்கள் தனியாகக் கொடுக்க நினைப்பதை அவர்கள் கையிலேயே கொடுங்கள்.

11. திட்டம் உடைந்தால்

ஏதாவது ஒரு இடம் கண்டிப்பாகத் தவறும். தீ, மழை, யானை நடமாட்டம், காரணம் எதுவாக இருந்தாலும் வனத்துறை மூடினால் பேரம் கிடையாது. அதற்குத்தான் ஒவ்வொரு இடத்துக்கும் மாற்று ஒன்றைக் குறித்துக்கொள்ளச் சொல்கிறேன். பரம்பிக்குளம் தவறினால் டாப்சிலிப், அதுவும் தவறினால் அந்த இரண்டு நாளையும் வால்பாறையில் சேர்த்துவிடுங்கள். இரவிகுளம் தவறினால் வட்டவடைப் பக்கம் இருக்கும் பாம்பாடும் சோலை. சின்னாறு தவறினால் மறையூரிலேயே இருந்துவிட்டு ஒரு நாள் முன்னதாக இறங்குங்கள். புது ஊர் எதையும் அந்த இடத்தில் நுழைக்காதீர்கள், அங்கே அறை, வண்டி, வழிகாட்டி என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

உடம்புக்கு முடியாமல் போனால் திரும்பக் கூடிய இடங்கள் இரண்டு. 27-ஆம் தேதி பொள்ளாச்சி, 3-ஆம் தேதி கோயம்புத்தூர். கோயம்புத்தூரிலிருந்து சென்னைக்கு ரயில் நிறைய. இந்த இரண்டு நாளில் உட்கார்ந்து நிதானமாக முடிவு செய்யுங்கள், மசினகுடி போய்ச் சேர்ந்தபிறகு காய்ச்சலோடு மலை இறங்குவது கொடுமை.

கடைசி நாள் மசினகுடியிலிருந்து காலையிலேயே கிளம்பிவிடுங்கள், ரயில் இரவுதானே என்று மதியம் வரை இருக்காதீர்கள். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில் ஒரு லாரி நின்றாலும் இரண்டு மணி நேரம் போய்விடும். முன்கூட்டியே பதிவு செய்திருந்தால் மதியம் ஊட்டியில் ஏறி மலை ரயிலிலேயே இறங்கலாம், இருக்கை சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் டிசம்பரிலேயே பாருங்கள். மேட்டுப்பாளையத்தில் இறங்கியதும் காலணி அடியிலும் பையின் மடிப்பிலும் ஒட்டியிருக்கும் மண்ணையும் விதையையும் தட்டிவிட்டு ரயில் ஏறுங்கள், அடுத்தமுறை இதே காலணியோடு வேறொரு காட்டுக்குப் போவீர்கள்.